கழுத்துக்குப் பின்னால் ஒரு காவல்



இந்த மாதம் எடுத்துக்கொண்ட விடயத்தைக் கேட்டு உங்களில் சிலர் சிரிக்கக்கூடும். வாகன ஆசனத்தின் உச்சியில், தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறிய மெத்தையைப் பற்றித்தான் பேசப் போகிறேன். சாரதிமார் அதை 'ஹெட்ரெஸ்ட்' என்பார்கள். நாம் இங்கே தலைதாங்கி என்று வைத்துக்கொள்வோம்.

"எங்களிட்ட சைக்கிளே ஒழுங்கா இல்லை, இதில காரைப் பற்றி என்ன கதை மிஸ்?" என்று ஒரு அம்மா கேட்பது எனக்குக் கேட்கிறது. கார் எங்களுடையதாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் கிளினிக்குக்குப் போவது, வழக்குக்குப் போவது, ஆடைத் தொழிற்சாலைக்குப் போவது, கோயில் திருவிழாவுக்கு ஊரோடு சேர்ந்து ஹயஸ் வான் பிடித்துப் போவது எல்லாமே யாரோ ஒருவரின் வாகனத்தில்தான். அந்த ஆசனத்தில் இருப்பது எங்கள் உடம்பு. இன்னொரு காரணமும் உண்டு. எமது தையல் குழுக்கள் பலவற்றுக்கு இப்போது சீற் கவர், தலைதாங்கி உறை, கழுத்துத் தலையணை தைக்கும் ஓடர்கள் வருகின்றன. தைப்பவருக்கு அந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

சாய்ந்து தூங்குவதற்கா அது?

பெரும்பாலானோர் அதைத் தூங்குவதற்கான வசதி என்றே நினைக்கிறோம். 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லாண்ட் நகரத்தவரான பெஞ்சமின் கட்ஸ் என்பவர் வாகனத் தலைதாங்கிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் நீண்ட காலம் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பின்னால் இருந்து மோதுண்ட வாகனங்களில் இருந்தவர்களுக்குக் கழுத்துக் காயம் பெருகிய பிறகுதான் அரசுகள் விழித்தன. 1969 ஜனவரி 1ஆம் திகதி முதல் அமெரிக்காவில் விற்பனைக்காகத் தயாரிக்கப்படும் கார்களின் முன் ஆசனங்களில் தலைதாங்கி கட்டாயமானது. அது அங்கே வந்தது பாதுகாப்புக்காக, தூக்கத்துக்காக அல்ல.

எப்படிப் பாதுகாக்கிறது? வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 4½ முதல் 5 கிலோ வரை பாரமுடையது. ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரு மெல்லிய தண்டின் மேல் வைத்தது போல எமது கழுத்து அதைத் தாங்குகிறது. நின்றுகொண்டிருக்கும் வானைப் பின்னால் வந்த லொறி இடித்தால், ஆசனம் எமது முதுகை முன்னே தள்ளும். தலையோ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். உடம்பு முன்னே, தலை பின்னே. இடையில் கழுத்து முறுகி வளைந்து, பிறகு சவுக்கு வீசியது போல முன்னே எறியப்படும். இவ்வளவும் நடப்பது ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவிலான நேரத்தில். கையால் பிடிக்கவோ உடம்பை இறுக்கவோ அவகாசம் கிடையாது. அந்த நேரத்தில் தலைக்குப் பின்னால் அருகிலேயே ஏதாவது இருந்து ஏந்த வேண்டும். அதுதான் தலைதாங்கியின் வேலை.

எத்தனை வகை?

அடுத்த முறை வாகனத்தில் ஏறும்போது எந்த வகை என்று பாருங்கள்.

முதலாவது, ஆசனத்தோடு ஒன்றாகச் சேர்ந்தது. முதுகுப் பகுதியே உயர்ந்து தலை வரை போகும். மாருதி அல்ட்டோ போன்ற சிறிய கார்களில் இதைக் காணலாம். இதை உயர்த்தவோ பதிக்கவோ முடியாது. உயரமானவருக்குப் போதாமல் போகலாம்; எங்களைப் போன்ற உயரமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, இரண்டு இரும்புக் கம்பிகளில் நிற்பது. ஆசனத்தின் உச்சியில் இரண்டு பிளாஸ்டிக் துளைகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் சிறிய பொத்தான் இருக்கும். உயர்த்துவதற்குச் சும்மா மேலே இழுத்தால் போதும். 'டிக் டிக்' என்று படிப்படியாக ஏறும். இறக்குவதென்றால் பொத்தானை அமத்தியபடி கீழே தள்ள வேண்டும். விட்ட பிறகு ஒரு தடவை அமத்திப் பார்த்து, பூட்டிவிட்டதா என்று உறுதிப்படுத்துங்கள். சிலவற்றை முன்னும் பின்னும் சரிக்கவும் முடியும்.

மூன்றாவது, பின் ஆசனங்களில் வரும் தாழ்ந்த வகை. சாரதிக்குப் பின்னால் உள்ள வீதி தெரிவதற்காக இது ஆசனத்தின் மேல் குந்தியிருப்பது போலச் செய்யப்பட்டிருக்கும். கீழே விட்டபடி இருந்தால் தோளில் குத்தும். "இது இடைஞ்சல்" என்று கழற்றிவிடுவார்கள். உண்மையில் அது குத்துவதே "என்னை உயர்த்து" என்று சொல்வதற்காகத்தான். ஆள் இருக்கும்போது உயர்த்தி வைக்க வேண்டும்.

நான்காவது, மோதும்போது தானே அசைந்து தலையை ஏந்தும் வகை. சுவீடனின் சாப் நிறுவனம் 1997இல் இதைக் காரில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வொல்வோ நிறுவனம் முழு ஆசனமுமே உடம்போடு சேர்ந்து பின்னால் இளகிக் கொடுக்கும் ஒரு முறையைக் கொண்டுவந்தது. இப்படியான ஆசனங்களுக்குத் தடித்த உறை போட்டால் அந்த வேலை கெட்டுவிடக் கூடும்.

இவை ஒன்றும் இல்லாத ஆசனங்களும் உண்டு. வானின் நடுவழியில் விரிக்கும் மடிப்பு சீற்றும் பழைய பஸ்களின் தாழ்ந்த சீற்றும் அப்படித்தான். கழுத்து நோ உள்ளவரையும் கர்ப்பிணியையும் அந்த மடிப்பு சீற்றில் இருத்தாதீர்கள். முச்சக்கரவண்டியின் பின் மெத்தை பெரும்பாலும் தோளோடு முடிந்துவிடும். அதன் மேலே சரியாகத் தலை இருக்கும் இடத்தில் சிலர் ஸ்பீக்கர் பெட்டி பூட்டியிருப்பார்கள். கிழமைக்கு இரண்டு தடவை ஒரே ஓட்டோவில் போகிறீர்கள் என்றால், அந்தப் பெட்டியை வேறு இடத்துக்கு மாற்றும்படி கேட்பதில் தவறில்லை.

சரியான உயரம், சரியான இடைவெளி

இரண்டே விடயம்தான். தலைதாங்கியின் மேல் விளிம்பு எமது உச்சந்தலையின் மட்டத்துக்கு வர வேண்டும். அவ்வளவு உயராது என்றால் காதின் மேல் விளிம்புக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தின் மட்டத்தில் நின்றால் அது உதவி செய்வதற்குப் பதிலாக, தலை அதன் மேலாக மடிந்து விழும் ஒரு திண்டாகிவிடும்.

மற்றது இடைவெளி. பின்தலைக்கும் தலைதாங்கிக்கும் இடையில் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. இரண்டு அங்குலம், அதாவது 5 சென்ரிமீற்றர் அளவு சிறந்தது. நான்கு அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் 2004இல் திருத்தப்பட்ட விதி இந்த இடைவெளியை 5½ சென்ரிமீற்றருக்குள் மட்டுப்படுத்தியது. ஆசனத்தைப் படுக்கை போலச் சாய்த்தால் இடைவெளி கூடிவிடும். ஆகவே முதுகை நிமிர்த்தி ஒட்டி இருப்பதே முறை.

இங்கே எமக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கொண்டை! பின்தலையில் உயர்த்திப் போட்ட கொண்டை தலையை முன்னே தள்ளி வைக்கும். கடினமான கிளிப் என்றால் மோதும்போது மண்டையில் அடிக்கும். நீண்ட பயணத்தில் பின்னலாக்கி முன்னே போட்டுக்கொள்ளுங்கள், அல்லது தாழ்த்திப் பக்கவாட்டில் முடியுங்கள்.

ஆருடைய அளவு?

சமூகவியல் படித்த எனக்கு இந்த விடயத்தில் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. பின்னால் இருந்து மோதுண்ட விபத்துகளில் கழுத்துக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கே கூடுதலாக ஏற்படுகிறது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எமது கழுத்துத் தசை மெல்லியது, உடற்பாரம் குறைவு, ஆசனத்தில் இருக்கும் விதமும் வேறு. ஆனால் ஆசனங்களைப் பரிசோதிக்க இருத்தப்பட்ட பொம்மைகள் பல ஆண்டுகளாகச் சராசரி ஆணின் அளவிலேயே செய்யப்பட்டன. சுவீடனைச் சேர்ந்த ஆய்வாளர் அஸ்ட்ரிட் லிண்டர் அம்மையார் தலைமையிலான குழுவினர், சராசரிப் பெண்ணின் அளவில், 162 சென்ரிமீற்றர் உயரமும் 62 கிலோ பாரமும் உள்ள ஒரு பொம்மையை உருவாக்கி 2022இல் உலகுக்குக் காட்டினார்கள். காருக்குத் தலைதாங்கி கட்டாயமாகி ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

வேறொருவரின் அளவுக்குச் செய்த ஆசனத்தில் ஒன்றும் பேசாமல் இருந்து வருவது எமக்குப் பழக்கமாகிவிட்டது. வாகனத்தில் மட்டுமா? நிவாரண அலுவலகத்தின் உயர்ந்த மேசையிலும் வங்கியின் படிவத்திலும் அப்படித்தான். "இது எனக்குப் பொருந்தவில்லை, கொஞ்சம் மாற்றித் தாருங்கள்" என்று கேட்பதற்கு நாக்கு வருவதில்லை. தலைதாங்கியில் இருந்தாவது அந்தப் பழக்கத்தைத் தொடங்கலாமே. "அண்ணை, இதை ஒருக்கா உயர்த்தி விடுங்கோ" என்பதற்கு ஐந்து சொற்கள்தான் வேண்டும்.

மேலதிகமாகப் பூட்டும் பொருட்கள்

கடைகளில் தலைதாங்கிக்கென்று எத்தனையோ பொருட்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உறை: மெல்லிய பருத்தித் துணியில் தைத்து, கழற்றித் துவைக்கக் கூடியது நல்லது. எண்ணெய்த் தலை பட்டு ஆசனம் பழுதாகாது. மணி, கண்ணாடி, தடித்த எம்பிராய்டரி வேண்டாம்.

கழுத்துத் தலையணை: கம்பியில் பட்டியால் கட்டும் எலும்பு வடிவ, உருளை வடிவத் தலையணைகள் நீண்ட பயணத்தில் சுகம் தருவது உண்மை. ஆனால் தடித்த தலையணை கழுத்தை முன்னே தள்ளும். தலைக்கும் தலைதாங்கிக்கும் இடையில் வெளி விடும். வாகனம் ஓடும்போது சாரதிக்கு அது வேண்டாம். கழுத்தைச் சுற்றிப் போடும் வளைந்த தலையணை என்றால் பின்பக்கம் மெல்லியதாக இருக்க வேண்டும்.

கொளுக்கிகள்: முன் ஆசனத் தலைதாங்கியின் கம்பியில் மாட்டிச் சாமான் பை தொங்கவிடுவது. மரக்கறிப் பை, துணிப் பை பரவாயில்லை. போத்தல், ரின் மீன் போன்றவை பிரேக் அடித்தால் பறக்கும்.

போன் தாங்கி, சிறிய தொலைக்காட்சி, தட்டு மேசை, காற்றாடி: இவை எல்லாம் முன் ஆசனத்தின் பின்பக்கம், அதாவது பின்னால் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு நேரே இருப்பவை. கூர்மூலையும் இரும்பும் உள்ள எதையும் அங்கே வைக்க வேண்டாம். 2025 ஜனவரியில் பொலிசார் பஸ்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய பொருட்களைக் கழற்றச் சொன்னபோது உரிமையாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். அந்தச் சர்ச்சை ஒருபுறம் இருக்கட்டும். பூட்டுவதற்கு முன் "இடிபட்டால் இது யாருடைய தலையில் படும்?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

இன்னொரு கதையும் உலாவுகிறது. நீரில் விழுந்தால் கண்ணாடியை உடைக்கத்தான் அந்தக் கம்பியைக் கழற்றக்கூடியதாகச் செய்தார்கள் என்று. அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வேறு வழி இல்லாத நேரத்தில் பக்கக் கண்ணாடியின் மூலையில் பயன்படுத்திப் பார்க்கலாம். முன் கண்ணாடியை அதனால் உடைத்து வெளியேற முடியாது.

ஓடரா, கழுத்தா?

எமது வேலைத்திட்டத்தில் உள்ள ஒரு தையல் குழுவுக்கு, வாகனக் குஷன் வேலை செய்யும் கடை ஒன்றிலிருந்து ஓடர் வந்தது. தலைதாங்கிக்கு முன்னால் கட்டும் உப்பிய தலையணைகள். தடித்த ஸ்பொஞ்ச் வைத்து, முன்பக்கம் முழுவதும் மணி தைக்க வேண்டும். குழுவில் எட்டுப் பெண்கள். ஆறு பேர் குடும்பத்தைத் தனியாகச் சுமப்பவர்கள். மாதக் கடைசி; மின் கட்டணமும் கடன் தவணையும் கழுத்தில் நிற்கும் நேரம்.

அவர்களில் ஒரு அக்காவுக்குத் தோளுக்கு மேலே, கழுத்தோரம் 2009ஆம் ஆண்டின் செல் துண்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அவர் மாதிரியாகத் தைத்த தலையணையை ஒரு நாற்காலியில் கட்டி, சாய்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மிஸ், இதில நான் யாழ்ப்பாணம் வரைக்கும் இருந்து போகமாட்டன். நான் இருக்கமாட்டாததை மற்ற ஆளுக்கு ஏன் தைச்சுக் குடுப்பான்?"

ஒருவர் உடனே மறுத்தார். "உங்களுக்கு மகன் உழைக்கிறான். நான் இந்தக் காசை நம்பித்தான் பிள்ளைக்கு ரியூசன் போட்டனான்." இரண்டு பேர் சொன்னதும் நியாயம். யாரையும் குற்றம் சொல்லாமல் ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டார்கள். ஸ்பொஞ்ச் இல்லாத, மணி இல்லாத, விளிம்பில் மட்டும் வண்ணப் பட்டி பிடித்த உறை நான்கு தைத்துக்கொண்டு மூன்று பேர் கடைக்குப் போனார்கள். கழுத்துக்கு ஏன் இது நல்லது என்பதைக் கடைக்காரருக்கு விளங்கப்படுத்தினார்கள். அவர் தலையணை ஓடரை அரைவாசியாகக் குறைத்தார். மிகுதிக்கு உறை கேட்டார். தலையணையிலும் மணியை விட்டுவிட்டு, மெல்லிய ஸ்பொஞ்ச் வைக்கச் சம்மதித்தார். உறைக்குக் கூலி குறைவுதான். அந்த மாதம் ஒவ்வொருவருக்கும் வந்த காசும் குறைவுதான். ஆனால் ஒரு தலையணை தைக்கும் நேரத்தில் இரண்டு உறை தைக்கலாம் என்பதை அடுத்த மாதக் கணக்கு காட்டியது. எல்லாக் கடைக்காரரும் இப்படி இணங்குவார்கள் என்று நான் சொல்லமாட்டேன். கேட்டுப் பார்க்காமல் தெரியாது என்பதை மட்டும் சொல்வேன்.

உறை தைப்பதற்கு ஒரு கணக்கு

தலைதாங்கியின் அகலம், உயரம், தடிப்பு மூன்றையும் அளவுங்கள். உதாரணமாக அகலம் 10 அங்குலம், உயரம் 7, தடிப்பு 4 என்று வைப்போம். துணியின் அகலம்: 10 உடன் தடிப்பு 4, தையலுக்கு இரு பக்கமும் அரை அரை அங்குலம், மொத்தம் 15. துணியின் உயரம்: 7 உடன் தடிப்பு 4, மேல் தையலுக்கு அரை, கீழ் மடிப்புக்கு ஒன்று, மொத்தம் 12½. இந்த அளவில் இரண்டு துண்டு வெட்டி, பக்கங்களையும் மேற்பக்கத்தையும் தையுங்கள். மேல் மூலை இரண்டையும் விரித்து, குறுக்கே 4 அங்குல நீளத்துக்குத் தைத்தால் பெட்டி வடிவம் வந்துவிடும். கீழ் மடிப்பில் இலாஸ்டிக் ஓடவிடுங்கள். கம்பிகளுக்கிடையிலான தூரம் வாகனத்துக்கு வாகனம் வேறுபடும் என்பதால் துளை போடுவதைவிட இதுவே இலகு. பொத்தானை உறை மூடக் கூடாது.

முழு சீற் கவர் தைப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். சில ஆசனங்களின் பக்க விளிம்பில் 'எயார்பேக்' என்று எழுதிய சிறிய துணித்துண்டு தைக்கப்பட்டிருக்கும். விபத்தின்போது காற்றுப்பை அந்த விளிம்பைப் பிரித்துக்கொண்டுதான் வெளியே வரும். அந்த இடத்தைக் கவரால் இறுக்கி மூடித் தைத்தால் பையை அடைத்தது போலாகும். அப்படியான ஆசனத்துக்கு அந்தப் பக்கம் திறந்திருக்கும்படி தையுங்கள், அல்லது அந்த ஓடரை விடுங்கள்.

கூலி பேசும்போது துணி, நூல், இலாஸ்டிக் மட்டும் கணக்கல்ல. மின்சாரம், பஸ் காசு, நீங்கள் இருந்து தைத்த மணித்தியாலம் மூன்றையும் சேர்த்து எழுதிக்கொண்டு பேசுங்கள்.

இடிபட்டுவிட்டால்

சிறிய இடிதானே என்று விட்டுவிடாதீர்கள். கழுத்து நோவும் விறைப்பும் அடுத்த நாள்தான் தொடங்கலாம். தலையிடி, தலைச்சுற்று, கை விறைப்பு, கையில் பலக்குறைவு இருந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். எழும்ப முடியாதவரை இழுத்துத் தூக்காமல் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை இலவசமானது. எண்ணெய் போட்டுக் கழுத்தை முறிப்பது, உளுக்குப் பார்ப்பது வேண்டாம். உடம்பில் செல் துண்டு உள்ளவர்கள் அதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். குறிப்பாக எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்கு எழுதித் தந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அந்த இயந்திரம் பலமான காந்தம். உடம்பில் உள்ள இரும்பை அசைக்கக்கூடும். பழைய எக்ஸ்ரே படங்களை எறியாமல் வைத்திருங்கள்.

முன் ஆசனத்தில் இருப்பவர் பெல்ற் போடுவது எமது நாட்டில் 2011 ஒக்ரோபர் முதல் கட்டாயம். தலைதாங்கியும் பெல்ற்றும் சோடி. ஒன்று பின்னால் ஏந்தும், மற்றது முன்னால் பிடிக்கும்.

இத்தனை இழப்புகளுக்குப் பிறகும் இந்த உடம்பைச் சுமந்து வந்திருக்கிறோம். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் மிஞ்சியிருக்கும் முதல் சொத்து அதுதான். அதைக் காப்பாற்ற ஒரு பொத்தானை அமத்துவதும், ஒரு சொல் கேட்பதும் பெரிய காரியமல்ல. உங்கள் குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசித்துக் காட்டுங்கள். வீட்டில் வாகனம் ஓட்டும் தம்பிமாருக்கும் மருமக்களுக்கும் சொல்லுங்கள். தைத்த உறைகளில் ஒன்றை உங்கள் ஊர் வான்காரருக்குக் கொடுத்து, கழற்றிப் போட்டிருக்கும் தலைதாங்கிகளைத் திரும்பப் பூட்டச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.